டேப் டிரைவில் பேக்கப் எழுதும் வேகத்தைக் கூட்டுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

டேப் பேக்கப் விடிய விடிய ஓடியும் முடியவில்லை என்றால் பலரும் முதலில் சந்தேகப்படுவது டேப் டிரைவைத்தான். ஆனால் எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறை டிரைவ் (எல்டிஓ-8) ஒன்று சுருக்கப்படாத தரவையே வினாடிக்கு 360 மெகாபைட் வரை எழுதக்கூடியது. பல சர்வர்களில் இருக்கும் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கை விட அது வேகமானது. பெரும்பாலான இடங்களில் உண்மையான சிக்கல், அந்த வேகத்துக்கு ஈடாக இடைவிடாமல் தரவைக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லாததுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே வேலையைப் பற்றியது: எழுத ஆரம்பித்த டேப் நடுவில் நிற்காமல் ஓட வேண்டும்.

நிற்பது ஏன் அவ்வளவு கெட்டது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். எழுதும்போது டேப் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டிரைவின் பஃபர் (எழுதும் முன் தரவைச் சேர்த்து வைக்கும் நினைவகம்) காலியானால் அது அந்த இடத்திலேயே சட்டென்று நிற்க முடியாது. ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நின்ற ரயில் பின்னால் வந்து மறுபடி கிளம்புவது போல, கொஞ்சம் முன்னே ஓடி, நின்று, பின்னால் சுற்றி, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்தைப் பிடித்துத்தான் எழுத்தைத் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் போய்விடும். இது ஓயாமல் நடப்பதை ஷூ-ஷைனிங் என்கிறார்கள். வேகம் போவதோடு டேப்பும் ஹெட்டும் (டேப்பில் எழுதும் முனையும்) தேவையில்லாமல் தேய்கின்றன.

இதைக் குறைக்கத்தான் எல்டிஓ டிரைவ்களில் வேகப் பொருத்தம் என்ற வசதி இருக்கிறது. தரவு மெதுவாக வந்தால் டேப்பையும் மெதுவாக ஓட்டும். ஆனால் அதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு. தோராயமாக உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். துல்லியமான எண் உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். அந்த அடிமட்டத்துக்கு மேலே எப்போதும் இருப்பது முதல் இலக்கு, உச்சத்தை எட்டுவது இரண்டாவது இலக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: உங்கள் டிரைவிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

சுருக்கம் இல்லாத வேகங்கள் இவை. எல்டிஓ-5 வினாடிக்கு 140 மெகாபைட், எல்டிஓ-6 160, எல்டிஓ-7 300, எல்டிஓ-8 360, எல்டிஓ-9 400. கடைசி இரண்டும் முழு உயர டிரைவ்களுக்கானவை. அரை உயர டிரைவ் என்றால் 300 அளவில்தான் இருக்கும். பெட்டியின் மேல் 1000 என்று அச்சிட்டிருந்தால் அது 2.5 மடங்கு சுருங்கும் தரவை மனதில் வைத்துச் சொன்னது. உங்கள் தரவு வீடியோவும் படங்களும் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

புதிய டிரைவில் பழைய தலைமுறை டேப்பைப் போட்டால் பழைய டேப்பின் வேகம்தான் கிடைக்கும். எல்டிஓ-8 டிரைவில் எல்டிஓ-7 டேப் என்றால் 300.

எல்லாம் சரியாக இருந்தாலும் 18 டெராபைட் எல்டிஓ-9 டேப்பை வினாடிக்கு 400 மெகாபைட்டில் நிரப்ப 12.5 மணி நேரம் ஆகும். 12 டெராபைட் எல்டிஓ-8 டேப்புக்கு 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் பேக்கப் ஏற்கெனவே இதை நெருங்கிவிட்டது என்றால் டியூனிங்கில் பெரிதாக எதுவும் கிடைக்காது. இரண்டாவது டிரைவைப் பற்றி யோசியுங்கள்.

எல்டிஓ-9 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: புத்தம் புதிய டேப்பை முதன்முறை ஏற்றும்போது டிரைவ் அதை அளந்து சீரமைக்கும். இதற்குச் சாதாரணமாக 40 நிமிடம், சில நேரம் 2 மணி நேரம் வரை ஆகலாம். இதைப் பேக்கப்பின் மெதுவு என்று எண்ணிப் பாதியில் நிறுத்தாதீர்கள். புது டேப்புகள் வந்ததும் பகலில் ஒவ்வொன்றாக ஏற்றி இந்த வேலையை முடித்து வைத்துவிட்டால் இரவு வேலை தடைபடாது.

படி 2: டிரைவைத் தனியாக அளந்து பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். எந்த அமைப்பையும் மாற்றும் முன் டிரைவின் வேகம் தனியாக எவ்வளவு, மூலத்தின் (தரவு வரும் டிஸ்க் அல்லது சர்வரின்) வேகம் தனியாக எவ்வளவு என்று இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் செய்யும் மாற்றம் எல்லாம் குருட்டு யூகம்.

லினக்ஸில் டிரைவைச் சோதிக்கப் பலர் செய்வது, பூஜ்யங்களைத் தரும் சாதனத்திலிருந்து டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் டேப்புக்கு எழுதுவது. இதில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பூஜ்யங்கள் டிரைவுக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். திரையில் வருவது கேபிளின் வேகம். டேப்பின் வேகம் அன்று. சமவாய்ப்பு எண்களை நேரடியாக அனுப்பினாலும் பழைய கணினிகளில் அந்த எண்களை உருவாக்குவதே டேப்பை விட மெதுவாக நடக்கும்.

சரியான வழி இது. ரேமில் ஒரு தற்காலிகக் கோப்பு அமைப்பை உருவாக்கி, அதில் சில ஜிகாபைட் அளவுக்குச் சமவாய்ப்புத் தரவைக் கொண்ட ஒரு கோப்பை முதலில் எழுதி வையுங்கள். பிறகு 1 மெபிபைட் (1,048,576 பைட்) பிளாக் அளவில், அதாவது ஒரு எழுது கட்டளைக்கு அவ்வளவு தரவு என்ற வீதத்தில், அதே கோப்பைத் திரும்பத் திரும்ப ஒரே ஓட்டமாக டேப்புக்கு அனுப்புங்கள். டிரைவுக்குள்ளேயே 1 ஜிகாபைட் அளவுக்குப் பஃபர் இருக்கலாம் என்பதால் குறைந்தது 50 ஜிகாபைட்டாவது எழுதினால்தான் உண்மையான வேகம் தெரியும். சோதனைக்குக் காலியான டேப்பை மட்டும் பயன்படுத்துங்கள். எழுதும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தரவு எல்லாம் போய்விடும்.

படி 1-இல் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? அப்படியானால் டிரைவும் கேபிளும் டேப்பும் நன்றாக இருக்கின்றன. நேராகப் படி 3-க்குப் போங்கள். வரவில்லை என்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

டிரைவ் எந்த அடாப்டரில் இணைக்கப்பட்டிருக்கிறது? ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) ஹார்ட் டிஸ்க்குகளோடு சேர்த்து மாட்டியிருந்தால் தனி எஸ்ஏஎஸ் ஹோஸ்ட் அடாப்டருக்கு (டிரைவைச் சர்வரோடு இணைக்கும் கார்டு) மாற்றுங்கள். இணைப்பு எந்த வேகத்தில் ஒப்பந்தமாகியிருக்கிறது என்றும் பாருங்கள். 6 ஜிகாபிட் எஸ்ஏஎஸ் பாதை வினாடிக்கு 600 மெகாபைட் தரும். பழைய கார்டோ மோசமான கேபிளோ அதை 3 ஜிகாபிட்டுக்கு இறக்கிவிட்டால் 300-தான்.

டிரைவின் பஃபர் முறை அணைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு பிளாக்கும் டேப்பில் பதிவான பிறகுதான் அடுத்தது ஏற்கப்படும். வேகம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். டேப்இன்ஃபோ என்ற சிறு கருவி இதைக் காட்டும். டேப் டிரைவை இயக்கும் எம்டி கட்டளையில் டிரைவ் பஃபர் மதிப்பை 1 என்று வைத்துச் சரிசெய்யலாம்.

அடுத்தது டேப்பும் ஹெட்டும். எல்டிஓ டிரைவ் எழுதிய உடனே அதைத் தானே படித்துச் சரிபார்க்கும். பிழை இருந்தால் அதே தரவை டேப்பில் இன்னும் தள்ளி மறுபடி எழுதும். ஹெட் அழுக்காக இருந்தாலோ டேப் பழசாகியிருந்தாலோ வேகமும் குறையும், டேப்பில் கொள்ளும் அளவும் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவது நல்ல அடையாளம். அதே தரவைப் புது டேப்பில் எழுதிப் பார்த்தால் பழி டேப்பின் மேலா, டிரைவின் மேலா என்று தெரிந்துவிடும். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அடிக்கடி போட்டால் ஹெட் தேயும். வேறு இடத்திலிருந்து வந்த டேப்புகளை ஒரு நாள் முழுக்க டிரைவ் இருக்கும் அறையிலேயே வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள்.

படி 3: மூலத்தைத் தனியாக அளந்து பாருங்கள்

பேக்கப் எடுக்கப் போகும் அதே கோப்புறையை டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) மூலம் படித்து, டேப்புக்குப் பதில் வெற்றுச் சாதனத்துக்கு (வருவதையெல்லாம் வீசிவிடும் /dev/null) அனுப்பி நேரத்தைக் கணக்கிடுங்கள். இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. வெளியீடு வெற்றுச் சாதனம் என்று குனு டார் கண்டுபிடித்துவிட்டால் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்கவே படிக்காது; சில வினாடிகளில் முடித்துவிட்டுப் பிரமாதமான எண்ணைக் காட்டும். எனவே டாரின் வெளியீட்டைக் கேட் கட்டளைக்குள் பைப் செய்து, அங்கிருந்து வெற்றுச் சாதனத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது, அதே கோப்புறையை மறுமுறை படிக்கும்போது பாதி ரேமிலிருந்தே வந்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் பேஜ் கேஷைக் காலி செய்யுங்கள், அல்லது இதுவரை தொடாத வேறு கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள்.

தரவு நெட்வொர்க் வழியாக வருகிறது என்றால் அதன் எல்லையும் உண்டு. 1 ஜிகாபிட் இணைப்பின் கோட்பாட்டு உச்சமே வினாடிக்கு 125 மெகாபைட். எல்டிஓ-7-க்கு மேல் எந்த டிரைவுக்கும் அது அடிமட்டத்தை ஒட்டித்தான் வரும். ஒன்று 10 ஜிகாபிட்டுக்கு மாறுங்கள், அல்லது படி 6-இல் சொல்லும் இடைத் தங்கல் முறைக்குப் போங்கள். வேறு மந்திரம் இல்லை.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூலம் டிரைவை விட வேகமாக இருந்தும் பேக்கப் மெதுவாக இருந்தால் படி 4-உம் 5-உம் உங்களுக்கு. மூலமே மெதுவு என்றால் படி 6-தான் உண்மையான மருந்து.

படி 4: பிளாக் அளவைக் கூட்டுங்கள்

குறைந்த உழைப்பில் நிறையப் பலன் தரும் மாற்றம் இது. டார் இயல்பாக 10 கிபிபைட் பிளாக்குகளாக எழுதும். வினாடிக்கு 300 மெகாபைட் எழுத வேண்டும் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 29,000 எழுது கட்டளைகள் போக வேண்டும். பிளாக்கை 1 மெபிபைட் ஆக்கினால் அது 290-க்குள் வந்துவிடும். டாரில் பிளாக்கிங் ஃபேக்டரை 2048 என்று கொடுத்தால் 512 பைட் வீதம் சரியாக 1 மெபிபைட். அதற்கு முன் எம்டி கட்டளையால் டிரைவின் பிளாக் அளவை 0 என்று வையுங்கள். அப்போது டிரைவ் மாறும் பிளாக் முறைக்கு வந்து, மென்பொருள் தரும் அளவை ஏற்றுக்கொள்ளும்.

பக்குலா, பழைய பரியோஸ் பதிப்புகள் ஆகிய பேக்கப் மென்பொருள்களின் இயல்பான பிளாக் 64,512 பைட். நெட்பேக்கப் மென்பொருளில் தரவு பஃபரின் அளவு, எண்ணிக்கை என்று இரண்டு அமைப்புகள் உண்டு; இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அளவையும் எண்ணிக்கையையும் டிரைவ் எண்ணிக்கையோடும் இணையாக ஓடும் வேலைகளின் எண்ணிக்கையோடும் பெருக்கினால் எவ்வளவு ரேம் போகும் என்று தெரியும்.

256 கிபிபைட்டிலிருந்து 1 மெபிபைட் வரை வைத்தால் போதும். அதற்கு மேல் கூட்டினால் பலன் பெரிதாக இல்லை. அடாப்டரின் எல்லையில் முட்டும் வாய்ப்புதான் கூடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பிளாக் அளவை மாற்றினால் அதை டேப்பின் லேபிளில் எழுதுங்கள். 1 மெபிபைட்டில் எழுதிய டேப்பை லினக்ஸில் 64 கிபிபைட் பஃபரோடு படிக்கப் போனால் நினைவகம் போதவில்லை என்ற பிழைதான் வரும். வருடங்கள் கழித்து ஒரு அவசர நேரத்தில் அந்தப் பிழையைப் பார்ப்பவருக்குக் காரணமே புரியாது. பக்குலாவில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் டேப்புகளுக்கு நடுவில் மாற்றாதீர்கள். புது டேப் தொகுதியில் தொடங்குங்கள்.

படி 5: நடுவில் ஒரு பெரிய பஃபர்

மூலத்தின் சராசரி வேகம் நன்றாக இருந்தும் அது விட்டு விட்டு வரலாம். பெரிய கோப்பு வரும்போது 500, சின்னக் கோப்புகள் வரும்போது 20 என்று ஏறி இறங்கும். இதைச் சமன் செய்ய எம்பஃபர் என்ற கருவி அருமையானது. டாருக்கும் டேப்புக்கும் நடுவில் பைப்பில் உட்கார்ந்து, ரேமில் தரவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று அமைப்புகள் முக்கியம்: பிளாக் அளவு டாரில் கொடுத்ததேதான் இருக்க வேண்டும், மொத்தப் பஃபர் 4 ஜிகாபைட்டாவது இருக்கட்டும், எழுதத் தொடங்கும் நிலை 90 சதவீதம்.

அந்தக் கடைசி அமைப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பஃபரில் கொஞ்சம் தரவு வந்ததுமே டேப்புக்கு அனுப்பத் தொடங்கிவிடும். பஃபர் இருந்தும் இல்லாத கதைதான். இருந்தால், காலியான பிறகு 90 சதவீதம் நிரம்பும் வரை டேப் அமைதியாகக் காத்திருக்கும். பிறகு ஒரே மூச்சில் ஓடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூலம் வினாடிக்கு 60 மெகாபைட், டிரைவ் 300, பஃபரில் 3.6 ஜிகாபைட். நிரம்பியதும் டேப் 15 வினாடி முழு வேகத்தில் ஓடும். பிறகு பஃபர் மறுபடி நிரம்ப 60 வினாடி. மொத்த வேகம் இன்னும் 60-தான், அது கூடவில்லை. ஆனால் ஓயாமல் முன்னும் பின்னும் இழுபட்ட டேப் இப்போது 75 வினாடிக்கு ஒருமுறைதான் நிற்கிறது. மூலம் டிரைவை விட மெதுவாக இருக்கும்வரை பஃபர் டேப்பைக் காப்பாற்றும், நேரத்தைக் குறைக்காது. இதைத் தெரிந்துகொண்டு போட்டால் ஏமாற்றம் இருக்காது.

படி 6: சின்னக் கோப்புகளும் இடைத் தங்கலும்

பேக்கப் வேகத்தை அதிகம் கெடுப்பது லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள்தான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 100 இடங்களுக்குத்தான் தாவிப் படிக்க முடியும். ஒவ்வொரு கோப்பும் 20 கிலோபைட், ஒரு தாவலில் ஒரு கோப்பு என்று தாராளமாகக் கணக்கிட்டாலே வினாடிக்கு 2 மெகாபைட். எந்த டேப் டிரைவும் இதை வைத்து ஓட முடியாது. பிளாக் அளவோ பஃபரோ இதைத் தீர்க்காது.

வழி, தரவை முதலில் வேறொரு வேகமான டிஸ்க்கில் பெரிய கோப்புகளாகக் கட்டி வைத்து, அங்கிருந்து டேப்புக்கு ஒரே ஓட்டமாக அனுப்புவது. முதல் பாதி எவ்வளவு மெதுவாக நடந்தாலும் டேப்புக்குக் கவலை இல்லை. சர்வர்களின் பேக்கப் நேரமும் டேப்பின் நேரமும் பிரிந்துவிடுவது இன்னொரு நன்மை: இரவில் டிஸ்க்குக்கு, பகலில் டேப்புக்கு. வசதி இருந்தால் வேறு எதையும் முயலும் முன் இதைச் செய்யச் சொல்வேன்.

அந்த இடை டிஸ்க்கைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் எழுதிக்கொண்டே மறுபக்கம் டேப்புக்குப் படிக்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கின் வேகம் சரிந்துவிடும். எஸ்எஸ்டி நல்லது, ஆனால் விலை குறைந்த மாடல்கள் உள் கேஷ் நிரம்பியதும் தடாலென்று மெதுவாகும். தினமும் டெராபைட் கணக்கில் எழுதும் வேலை என்பதால் எழுத்துத் தாங்கும் அளவு அதிகமுள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியைப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் பலவற்றை ரெய்டில் சேர்த்து, எழுதும் நேரத்தையும் படிக்கும் நேரத்தையும் பிரித்து வையுங்கள்.

பக்குலாவிலும் பரியோஸிலும் டேட்டா ஸ்பூலிங் என்ற பெயரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு வேலை தன் ஸ்பூலை (இடை டிஸ்க்கில் சேர்த்து வைத்த தரவை) டேப்புக்கு இறக்கும்போது அந்த வேலையின் வாசிப்பு நின்றிருக்கும் என்பதால், தனி ஒரு வேலையின் மொத்த நேரம் சற்றுக் கூடவும் செய்யலாம். பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டால் ஒன்று இறக்கும்போது மற்றவை நிரப்பிக்கொண்டிருக்கும். இழந்த நேரம் திரும்பி வந்துவிடும்.

இடை டிஸ்க்குக்கு இடமே இல்லை என்றால் மல்டிபிளெக்சிங் உண்டு. பல மெதுவான மூலங்களின் தரவைக் கலந்து ஒரே டேப்பில் எழுதுவது. எழுத்து வேகம் கூடும். ஆனால் மீட்கும்போது ஒரு சர்வரின் தரவை எடுக்க மற்றவற்றின் மேலேயும் டேப் ஓட வேண்டும். 4 மூலங்களுக்கு மேல் கலக்காதீர்கள் என்பேன்.

படி 7: சுருக்கமும் என்கிரிப்ஷனும்

டிரைவின் சுருக்க வசதியை இயல்பாகவே விட்டுவிடலாம். சுருங்காத தரவு வந்தால் அது தானாக அப்படியே எழுதிவிடும். ஆனால் இங்கே பலர் யோசிக்காத ஒரு விளைவு உண்டு. தரவு பாதியாகச் சுருங்குகிறது என்றால், எல்டிஓ-8 டிரைவை முழு வேகத்தில் ஓட்ட வினாடிக்கு 720 மெகாபைட் கொடுக்க வேண்டும். அடிமட்டமும் அதே போல இரட்டிப்பாகும். நன்றாகச் சுருங்கும் டேட்டாபேஸ் டம்ப், லாக் கோப்புகளை எழுதும்போதுதான் ஷூ-ஷைனிங் அதிகமாக இருக்கிறது என்றால் காரணம் இதுவே. டேப்பில் இடம் மிச்சமிருந்தால் அந்த வேலைக்கு மட்டும் டிரைவின் சுருக்கத்தை அணைத்துப் பாருங்கள். டேப் கூடுதலாகச் செலவாகும், ஆனால் சீராக ஓடும்.

மூலச் சர்வரிலேயே சுருக்குவது எப்போது நல்லது? தடை நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும். அப்போதும் ஒரே கோரில் ஓடும் ஜிஜிப் வேண்டாம், அதுவே புதுத் தடையாகிவிடும். பல கோர்களில் ஓடும் இசட்-ஸ்டாண்டர்டு போதும்.

என்கிரிப்ஷனை டிரைவிடமே விடுங்கள். எல்டிஓ-4 முதல் 256 பிட் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் வன்பொருளிலேயே இருக்கிறது. வேகம் உணரும்படி குறையாது. மென்பொருளில் செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் சுருக்கி, அப்புறம் என்கிரிப்ட் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் எதுவும் சுருங்காது.

படி 8: கோப்புக் குறிகளும் எல்டிஎஃப்எஸ்ஸும்

மென்பொருள் டேப்பில் கோப்புக் குறி (ஒரு பகுதி முடிந்தது என்று காட்டும் அடையாளம்) வைக்கும்போது பஃபர் முழுவதும் டேப்புக்கு இறங்கும் வரை காத்திருந்தால், ஒவ்வொரு குறியும் ஒரு நிறுத்தம். பக்குலா இயல்பாக 1 ஜிகாபைட்டுக்கு ஒரு குறி வைக்கும். 300 மெகாபைட் வேகத்தில் அது 3 வினாடிக்கு ஒன்று. அதிகபட்சக் கோப்பு அளவு என்ற அமைப்பை 20 ஜிகாபைட் ஆக்குங்கள். மீட்கும்போது இடத்தைத் தேடுவது சற்று நீளும், பரவாயில்லை. ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியாக டார் ஓட்டும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களும் அவற்றை ஒன்றாக்கலாம்.

எல்டிஎஃப்எஸ் (டேப்பை டிஸ்க் போலக் கோப்புகளாகக் காட்டும் அமைப்பு) பயன்படுத்தினால் ஒரே நேரத்தில் ஒரு காப்பி மட்டும் ஓடட்டும். அது தன் அட்டவணையை இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை டேப்பில் எழுதும். மவுன்ட் செய்யும்போதே, அன்மவுன்ட் நேரத்தில் மட்டும் எழுதச் சொல்லலாம். நடுவில் மின்சாரம் போனால் டேப்பைச் சரிபார்த்து மீட்கும் வேலை வந்து சேரும் என்பதால், யுபிஎஸ் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

படி 9: எதுவும் எட்டவில்லை என்றால்

மூலம் எப்படியும் வினாடிக்கு 60 மெகாபைட்டைத் தாண்டாது, இடை டிஸ்க்கும் சாத்தியமில்லை என்ற நிலையில் எல்டிஓ-9 வாங்குவது நிலைமையை மோசமாக்கும். அதன் அடிமட்ட வேகம் இன்னும் மேலே இருக்கிறது. அந்தக் காசை எஸ்எஸ்டியிலோ 10 ஜிகாபிட் கார்டிலோ போடுங்கள். நல்ல நிலையில் உள்ள எல்டிஓ-5 அல்லது 6 டிரைவே அத்தகைய தரவை நிம்மதியாக எழுதும்.

ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, அதே தரவை வைத்து மறுபடி அளந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். புது அமைப்பில் எழுதிய முதல் டேப்பை, முடிந்தால் வேறொரு சர்வரில், முழுவதும் படித்து மீட்டுப் பாருங்கள். பிளாக் அளவு, என்கிரிப்ஷன் சாவி, மல்டிபிளெக்சிங் ஆகியவற்றில் செய்த தவறு எழுதும்போது தெரியாது. அந்தச் சோதனை முடியும் வரை பழைய அமைப்பில் எழுதிய டேப்புகளை அழிக்காதீர்கள்.